மீனுக்கு வந்த அம்மாள்

எங்கள் வீட்டில் அம்மாள் வந்தது மீனுக்கு. இதைச் சொன்னால் இன்றைக்கும் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் முதலில் சிரித்தவள்தான்.

மன்னார் நகரத்தில், உப்புக்குளத்தின் விளிம்பில் எங்கள் வீடு இருந்தது. அம்மா, நான், தம்பி என்று மூன்று பேர். அப்பா இறந்து கனகாலம். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். தம்பி உயர்தரத்தில் உயிரியல் எடுத்துச் சோதனை எழுதியவன். சோதனை முடிவு வரும், பல்கலைக்கழகம் திறக்கும் என்று காத்திருந்து காத்திருந்து, அந்தக் காலத்து இளந்தாரிகள் எல்லோரையும் போல வீட்டுக்குள் அடைந்துபோனான்.

பக்கத்து வீட்டில் ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த வீட்டுக்காரரை நாங்கள் நானா என்போம், அண்ணன் என்று அர்த்தம். அவரைவிட வயதில் மூத்த அம்மாவும் நானா என்றுதான் கூப்பிடுவார். கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். முற்றத்தில் பெரிய சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டி, கொழும்பிலிருந்து கோராமி மீன்கள் கொண்டுவந்து விட்டிருந்தார். உள்ளங்கை அகலத்தில் வெள்ளி நிற மீன்கள். கோராமிக்கு ஒரு பழக்கம் உண்டு. அடிக்கடி மேலே வந்து, வாயைத் திறந்து, ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போகும். அப்போது யாரோ பக்கத்தில் இருந்து தேத்தண்ணி உறிஞ்சுவது போல ஒரு சின்னச் சத்தம் கேட்கும். காற்று அடிக்கிற மோட்டர் தேவையில்லாத மீன். கரண்ட் இல்லாத ஊருக்கென்றே படைத்த மீன் என்று தம்பி சொல்வான். பின்னேரங்களில் மதிலால் குதித்து அந்தத் தொட்டியடியில்தான் கிடப்பான்.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் மன்னார்த் தீவிலிருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேறச் சொன்னார்கள். கையில் கொண்டுபோகக்கூடியதோடு போய்விட வேண்டும். நானாவின் மனைவியை நாங்கள் ராத்தா என்போம். அவர் அரைவாசி அவிந்த சோற்றை அடுப்பிலேயே விட்டுவிட்டு வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார். அம்மா என்ன செய்வதென்று தெரியாமல் அவருக்குச் சீனி கூடப்போட்டுத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். தெரு முழுக்க மதிலுக்குப் பின்னால் நின்று பார்த்தது. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நானா அழவில்லை. தம்பியின் தோளில் கையைப் போட்டுத் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"இதுகளை அமானிதமா உன்னட்ட விட்டிட்டுப் போறன் தம்பி. நாங்கள் வருவம், இன்ஷா அல்லாஹ்."

அமானிதம் என்றால் நம்பி ஒருவர் கையில் விட்டுச்செல்லும் பொருள். திரும்பக் கேட்கும்போது பழுதில்லாமல் கொடுக்க வேண்டும். தம்பி அந்தச் சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டான். பிறகு அதை விடவேயில்லை.

அவர்கள் போன பின் அந்த வீடு இரவில் மட்டும் என்றில்லாமல் பகலிலும் பயப்படுத்தியது. முதலில் கதவுகள் போயின. பிறகு ஓடுகள் போயின. யார் கழற்றுகிறார்கள் என்று பார்க்க எவருக்கும் துணிவில்லை. தீவை ஆமி பிடித்த நாட்களில் விழுந்த செல் குண்டு ஒன்றில் தொட்டி வெடித்துத் தண்ணீர் கசியத் தொடங்கியது. தம்பி மீன்களை வாளியில் அள்ளி, எங்கள் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும் சின்னத் தொட்டிக்குள் கொண்டுவந்து விட்டான். எங்கள் கிணறு உவர். நானா வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர். இடமும் போதாது, தண்ணீரும் சரியில்லை. மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு திரிந்தன.

அதே காலத்தில் ஆமி தம்பியை ஒரு தடவை பிடித்துக்கொண்டுபோய் வைத்திருந்துவிட்டு அனுப்பியது. திரும்பி வந்தபோது இடது காது சரியாகக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவன் தெருவாசல் படலைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டான். வெளியில் வாகனச் சத்தம் கேட்டால் அறைக்குள் போய் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் நிற்பான். இன்னொரு தடவை கொண்டுபோனால் திரும்பி வரமாட்டான் என்பது எங்கள் மூவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. நல்ல குணம் என்பீர்கள். யுத்த காலத்தில் அப்படி ஓர் ஆளோடு குடும்பம் நடத்திப் பார்த்தால் தெரியும். ஒருநாள் சோதனைச் சாவடியில் நிற்கிறோம். பற்றரி கொண்டுபோகத் தடை. ரேடியோவுக்கென்று இரண்டு பற்றரியை நான் கைப்பைக்குள் உடுப்புக்கு நடுவில் சுற்றி வைத்திருந்தேன். அங்கே நின்ற சிப்பாய் சும்மா ஒரு கேள்வியாக, "பெற்றி இருக்கா?" என்றான். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா தானாக, "ஓம், மகளின்ர பாக்கில ரெண்டு கிடக்கு" என்றார். என்னை வெயிலில் இருத்தி வைத்திருந்துவிட்டுப் பற்றரியைப் பறித்துக்கொண்டு அனுப்பினார்கள். வீடு வரும்வரை நான் அம்மாவைத் திட்டிக்கொண்டு வந்தேன். "கேட்டால் சொல்லத்தானே வேணும்" என்றார்.

நானா வீட்டு வேம்பு மதிலுக்கு மேலால் எங்கள் பக்கம் சாய்ந்து நின்றது. அதில் இரண்டு கொப்பு முறிப்பதற்குக்கூட அம்மா அந்த வெறும் வீட்டைப் பார்த்து, "நானா, ரெண்டு கொப்பு எடுக்கிறன்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் முறிப்பார். கதவில்லாத வீட்டுக்குள் அந்தக் குரல் போய் மோதித் திரும்பி வரும்.

சோளகக் காற்று வீசத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் தம்பி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டான். மீன்களின் செட்டை விளிம்பிலும் வாலிலும் சவ்வரிசி போல வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. பெரிய மீனின் வாலில் அது ஒரு கொத்தாகவே தொங்கியது. பின்னால் வந்த அம்மா எட்டிப் பார்த்தார். பார்த்தவுடன் தலையில் கிடந்த சேலைத் தலைப்பை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு கும்பிட்டார்.

"முத்துப் போட்டிருக்கு. அம்மாள் வந்திருக்கிறா."

கொப்பளிப்பான், சின்னமுத்து மாதிரி உடம்பில் கொப்புளம் போடுகிற எதையும் எங்கள் ஆட்கள் நோய், வருத்தம் என்று சொல்வதில்லை. அம்மாள் வந்திருக்கிறா என்பார்கள். கொப்புளத்தை முத்து என்பார்கள். ஆனால் மீனுக்கு அம்மாள் வந்ததாக ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

"மன்னாரில கடல் முத்துப் போதாதெண்டு தொட்டியிலையும் விளையுது" என்று நான் பகிடி விட்டேன்.

"வாயை மூடு பிள்ளை. அவவுக்கு மனிசர், மீன் எண்டு இருக்கே?"

அம்மா நேரே மதிலடிக்குப் போய், வெறும் வீட்டிடம் கேட்டு, வேப்பங்கொப்பு முறித்து வந்து படலையில் கட்டினார். தொட்டியைச் சுற்றியும் கட்டினார். வேப்பிலை கட்டினால் வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. வீட்டில் தாளிக்கக்கூடாது, பொரிக்கக்கூடாது, மச்சம் சமைக்கக்கூடாது. மன்னார்த் தீவில் இருந்துகொண்டு, மீனுக்கு அம்மாள் வந்த காரணத்தால் மீன் சாப்பிடாமல் கிடந்த குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். தம்பி சோற்றையும் பருப்பையும் பார்த்துப் பெருமூச்சு விடுவான்.

"அம்மா, இது வைரஸ் அம்மா."

"ஓமடா. நீ வைரஸ் எண்டு சொல்லு. நான் அம்மாள் எண்டு சொல்லுறன். ஆர் சொன்னாலும் வாறவ வருவாதானே."

என்னோடு படிப்பித்த விலங்கியல் ரீச்சர் ஒருவர் பேசாலையிலிருந்து பஸ்ஸில் வந்துபோவார். அவரிடம் கேட்டேன். அவர் ஆச்சரியப்படவேயில்லை. "எங்கட கடல் மீனிலையும் வாறதுதான். செட்டையை வெட்டி எறிஞ்சுபோட்டுக் குழம்பு வைக்கிறம்" என்றார். பிறகு விபரமாகச் சொன்னார். அது வைரஸ்தான். ஒவ்வொரு முத்தும் ஒரே ஒரு கலம், அதாவது ஒற்றை உயிரணு. வைரஸ் உள்ளே புகுந்து, அந்த ஒற்றைக் கலத்தைக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வீங்க வைக்கிறது. மருந்து கிடையாது. மீன் சாகாது. நெருக்கத்தைக் குறைத்து, நல்ல தண்ணீர் மாற்றி, வெருட்டாமல் விட்டால் முத்து தானாக உதிரும். ஆனால் வைரஸ் அடியோடு போகாது. உடம்புக்குள் ஒளித்துக் கிடந்து, தண்ணீர் கெட்டால் திரும்பவும் வெளியே வரும்.

நான் இதைத் தம்பிக்குச் சொன்னபோது, அவன் கேட்கிற காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டான். "ஒரே ஒரு கலமோ அக்கா!" என்றான். கனகாலத்துக்குப் பிறகு அவன் முகத்தில் வெளிச்சத்தைக் கண்டேன்.

அவன் தண்ணீர் மாற்றத் தொடங்க முதலே சுற்றிவளைப்பு வந்துவிட்டது.

விடியற்காலை. தெரு இரண்டு பக்கமும் ஆமி. ஒவ்வொரு வீடாக ஏறி ஆம்பிளைகளை வெளியே எடுக்கிறார்கள். தம்பி அலுமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டான். நானும் அம்மாவும் வாசலில் நின்றோம். ஒரு சிப்பாய் படலையில் கை வைத்தவன், வேப்பிலையைக் கண்டுவிட்டுக் கையை எடுத்தான். நெற்றியில் தழும்புள்ள, கொஞ்சம் வயதான ஆள்.

"கொஹொம்ப" என்றான் மற்றவனிடம். அது வேம்புக்குச் சிங்களப் பெயர். பிறகு அம்மாவைப் பார்த்து, "தெய்யங்கே லெடக்த?" என்று கேட்டான். தெய்வத்தின் வருத்தமா என்று அர்த்தம். அவர்களுக்குள்ளும் இது தெய்வத்தின் காரியம்தான், அவர்களும் வேப்பிலைதான் கட்டுவார்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அம்மாவுக்குச் சிங்களம் விளங்காது. ஆனால் அவன் வேப்பிலையைக் காட்டிய விதத்தில் கேள்வி விளங்கியது.

"ஓம். உள்ளுக்கு அம்மாள் இருக்கிறா" என்றார்.

அவன் தொப்பியைக் கழற்றினான். நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்து, இரண்டு அடி பின்னால் போய், அடுத்த வீட்டுக்கு நடந்தான். அடுத்த வீட்டிலிருந்து மூத்த பையனைக் கொண்டுபோனார்கள்.

வாகனங்கள் போனபின் நான் நிலத்தில் குந்திவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "அம்மா, ஒரு பொய் சொல்லிப்போட்டியள்!" என்றேன்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பொய் சொன்னனான்? உள்ளுக்கு அம்மாள் இருக்கிறாதானே."

"ஆருக்கெண்டு கேட்டிருந்தால்?"

"மீனுக்கெண்டு சொல்லியிருப்பன்."

நிச்சயமாகச் சொல்லியிருப்பார். அவன் கேட்காமல் விட்டது எங்கள் அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம். அந்த வேப்பிலை இறங்கக்கூடாது. அம்மாவிடம் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். மீனுக்குச் சுகம் வந்தாலும் வேப்பிலை கிடக்கட்டும், வாடினால் மாற்றிக் கட்டுவோம், யாருக்கு என்ன நட்டம் என்றேன். அம்மா அசையவில்லை. அம்மாள் இறங்கினால் வேப்பந்தண்ணி வார்த்து, பொங்கி, வேப்பிலையை அவிழ்க்க வேண்டும். அதுதான் முறை. "இல்லாத அம்மாளை இருக்கிறா எண்டு சொன்னால், வந்து காட்டுவா. அதோட விளையாடாதை பிள்ளை" என்றார்.

அம்மாவை அசைக்க முடியாதென்று தெரிந்ததும் தம்பியிடம் போனேன். அவன் அப்போது கயிறும் வாளியுமாக மதிலேறப் போய்க்கொண்டிருந்தான்.

"தண்ணி மாத்தாதை. அதுகளுக்கு ஒண்டும் செய்யாதெண்டு ரீச்சர் சொன்னவ. முத்தோட கிடக்கட்டும்."

அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. வாளியை நிலத்தில் வைத்தான்.

"எனக்காக அதுகள் வருத்தத்தோட கிடக்கோணுமோ அக்கா?"

"கிடந்தால் என்ன? மீன்தானே."

"அமானிதம்" என்றான். "நானா வந்து பாத்து, இதென்னடா இப்பிடி வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

"நானா வரமாட்டார்!" என்று கத்திவிட்டேன். மதிலுக்கு அந்தப் பக்கத்து வெறும் வீடும் திரும்பக் கத்தியது. தம்பி வாளியை எடுத்துக்கொண்டான். மதிலேறிக் குதித்தான். நானா வீட்டுக் கிணற்றில் கப்பி கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

எனக்கு வந்த கோபத்தை இப்போதும் உடம்பில் உணர்கிறேன். ஆனால் அவன் பிழை என்று என்னால் இன்றுவரை சொல்ல முடியவில்லை. வீட்டுக்குள் பயந்து ஒடுங்கிக் கிடந்த ஒருவனுக்கு ஒரேயொரு வேலை இருந்தது. அதைச் சரியாகச் செய்ய நினைத்தான். வெடித்த தொட்டியைச் சீமெந்து பூசி ஒட்டினான். பாதி மீன்களை அதற்கு மாற்றி நெருக்கத்தைக் குறைத்தான். ஒவ்வொரு காலையும் நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றினான். அம்மா பக்தியோடு தொட்டிக்குள் போடும் மஞ்சளையும் வேப்பிலையையும் அவர் அங்கால் போனவுடன் வடித்து எடுத்தான். முத்து ஒவ்வொன்றாக உதிரத் தொடங்கியது. நான் பள்ளிக்கூடத்தால் வந்தவுடன் பெரிய மீனின் வாலைத்தான் பார்ப்பேன். இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பேன். வருத்தம் சுகமாகக்கூடாது என்று நேர்ந்துகொண்டவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கடைசி முத்தும் உதிர்ந்தது. திருக்கேதீஸ்வரக் கோயிலுக்கு நேர்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு அம்மா முற்றத்தில் பொங்கினார். இளநீர் வெட்டி வைத்தார். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைச் செம்பில் மொண்டுகொண்டு தொட்டியடிக்கு வந்தார்.

"தண்ணிக்குள்ள கிடக்கிறதுக்கு எப்பிடியம்மா தண்ணி வாக்கிறது?" என்று தம்பி கேட்டான்.

"அவவுக்குத் தெரியும். நீ தள்ளி நில்."

அம்மா மூன்று முறை தொட்டியைச் சுற்றித் தண்ணீர் தெளித்தார். பிறகு படலைக்குப் போய் வேப்பிலையை அவிழ்த்தார். இறுகக் கட்டியிருந்த சணல் கயிறு அவிழவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு இலையை மட்டும் உருவிக்கொண்டு வந்தார். அன்று பாரை மீன் வாங்கிக் குழம்பு வைத்தோம். தம்பி மூன்றாம் தரமும் சோறு போடச் சொன்னான். அந்தக் குழம்பின் மணம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் பாரை சமைத்ததில்லை.

அடுத்த சுற்றிவளைப்புக்கு அதிக நாள் எடுக்கவில்லை.

படலையில் கை வைத்தது அதே சிப்பாய்தான். நெற்றித் தழும்பு. அவனுக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேரும் அதிகாரி போன்ற ஒருவனும். சிப்பாய் எங்களை அடையாளம் கண்டுகொண்டான். படலையில் தொங்கிய வெறும் சணல் கயிற்றை விரலால் தொட்டு, அம்மாவைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அம்மே, லெடே ஹொந்தய்த?" வருத்தம் சுகமா என்று கேட்டான்.

நான் அம்மாவின் கையைப் பிடித்து நெரித்தேன். என் நகம் அவர் தோலில் பதிந்தது. இல்லை என்று ஒரு சொல். தலையை ஒரு பக்கம் ஆட்டினால் போதும்.

"ஓம். சுகம்" என்றார் அம்மா. "தண்ணி வாத்திட்டன்."

சொல்லும்போதே அம்மாவின் குரல் பாதியில் உடைந்தது. என்ன சொல்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். சிப்பாய்க்குத் தமிழ் விளங்கியதோ இல்லையோ, ஓம் என்பது விளங்கிவிட்டது. "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று சந்தோசமாகத் தலையாட்டினான். பின்னால் நின்ற அதிகாரி அவனை விலத்திக்கொண்டு உள்ளே வந்தான்.

அன்றைக்கென்று தம்பி அறைக்குள் நிற்கவில்லை. கிணற்றடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவனுக்கு, கேளாத காதுப் பக்கத்தால் வந்த வாகனச் சத்தம் கேட்கவில்லை. ஈரச் சாரத்தோடு கொண்டுபோனார்கள். வாளி சரிந்து தண்ணீர் ஓடியது. அவன் எங்களைத் திரும்பிப் பார்த்து, "மற்றத் தொட்டிக்கு இன்னும் ஊத்தேல்லை அக்கா" என்றான்.

ஆம்பிளைகளை எல்லாம் நான் படிப்பித்த பள்ளிக்கூட மைதானத்தில்தான் இருத்தினார்கள். சாக்கால் முகம் மூடிக் காட்டிக்கொடுக்கிற ஒருவன் தலையாட்ட, ஆட்டப்பட்டவர்களை லொறியில் ஏற்றினார்கள். தம்பியைப் பார்த்து ஆட்டினானா என்று கண்டவர் ஒருவருமில்லை. பின்னேரம் மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். அவன் வரவில்லை. நான் முகாம் வாசலில் போய் நின்றேன். அப்படி ஒருவரையும் கொண்டுவரவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு நான் நின்ற வாசல்கள் பல. எல்லா வாசலிலும் அதே பதில்தான்.

அன்று இருட்டுப்பட நான் வீட்டுக்கு வந்தபோது படலையில் வேப்பிலை கட்டியிருந்தது. பச்சைக் கொப்புகள். கை மறையும் அளவுக்கு அடர்த்தியாக, பழைய சணல் கயிற்றிலேயே செருகிக் கட்டியிருந்தார் அம்மா.

"மீனுக்கு ஒண்டுமில்லையே" என்றேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "உள்ளுக்குப் போகேக்க சத்தம் போடாமப் போ" என்றார்.

நான் அம்மாவோடு மாதக்கணக்காக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு சொல், ஒரேயொரு சொல் என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், நான் கேட்காமலே, "சுகமோ எண்டுதானே பிள்ளை கேட்டவன்" என்றார்.

வேப்பிலை மட்டும் இறங்கவில்லை. வாடினால் மாற்றிக் கட்டினார். அடுத்து வந்த சுற்றிவளைப்புகளில் எங்கள் படலையைத் திறக்காமலே போனார்கள். அம்மா வீட்டில் தாளிக்கவில்லை, மச்சம் சமைக்கவில்லை. தம்பியின் அறைக் கதவைச் சாத்தியே வைத்தார். காலையில் ஒரு செம்பு இளநீரோ பழஞ்சோற்றுத் தண்ணீரோ அறைக்குள் கொண்டுபோய் வைப்பார். சொந்தக்காரர் வந்தால் படலையோடு நிறுத்திக் கதைத்து அனுப்புவார். அம்மாள் கண்ட ஆளை வெளியாட்கள் பார்க்கக்கூடாது. அப்படிப் பார்க்க வராதவரைக்கும், அறைக்குள் ஆள் இல்லை என்று எவரும் சொல்லவும் முடியாது. இது எனக்கு விளங்கக் கனகாலம் எடுத்தது. விளங்கிய பிறகு நானும் அந்த அறைக் கதவைத் திறக்கவில்லை.

மீன்களுக்குத் தண்ணீர் மாற்றும் வேலை என்னிடம் வந்தது. அதுகளைக் கண்டால் எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே தண்ணீர் சுமந்தேன். ஒன்றிரண்டாகச் செத்தன. கோடையில் கிணறு வற்றிய நாட்களில் பெரிய மீனின் வாலில் முத்து திரும்ப வந்தது. மாரியில் உதிர்ந்தது. ரீச்சர் சொன்னது சரிதான். அடியோடு போகவில்லை. பின்னேரங்களில் வீடு அமைதியாகக் கிடக்கும்போது, கிணற்றடியில் யாரோ தேத்தண்ணி உறிஞ்சும் சத்தம் கேட்கும். மீன் என்று தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்ப்பேன்.

பத்து வருசத்துக்கும் மேல் கழித்து, சமாதானம் பேசத் தொடங்கி, பாதை திறந்து, போனவர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் வளவைப் பார்த்துவிட்டுப் போன காலம். ஒருநாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கம் ஆள் நடமாடும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நானா நின்றார். தாடி முழுக்க வெளுத்திருந்தது. கூரையில்லாத வீட்டுக்குள் நின்று சுவரைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முன்னால வந்தனான் தங்கச்சி. படலையில வேப்பிலை கண்டன். வரக்கூடாதெண்டு இங்கால வந்திட்டன்" என்றார். பிறகு வேம்பை அண்ணாந்து பார்த்தார். எங்கள் பக்கம் சாய்ந்த கொப்புகள் எல்லாம் முறித்து முறித்துக் கட்டையாகிக் கிடந்தன.

"அம்மா உங்களிட்டக் கேட்டுத்தான் முறிச்சவ" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது.

மிஞ்சியது அந்தப் பெரிய மீன் மட்டும்தான்; அதை நானாவின் தொட்டிக்கே மாற்றியிருந்தேன். வாலில் இரண்டு மூன்று முத்து. மேலே வந்து ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டுக் கீழே போனது. நானா தொட்டி விளிம்பில், தம்பி சீமெந்து பூசிய இடத்தில் கையை வைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. வீடு போனதற்கு அழாதவர் மீன் இருந்ததற்கு அழுதார்.

"அமானிதத்தைக் காப்பாத்திப்போட்டான்" என்றார். "எங்க தம்பி?"

இத்தனை வருசமும் புத்தளத்தில் அகதியாக இருந்தவருக்கு ஒருவரும் சொல்லவில்லையா, அல்லது கேள்விப்பட்டும் நம்பாமல் கேட்கிறாரா என்று தெரியவில்லை. அப்போது எங்கள் வீட்டுக் குசினி வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"உள்ளுக்குப் படுத்திருக்கிறான் நானா. அவனுக்குத்தான் அம்மாள். இன்னும் தண்ணி வாக்கேல்லை."

பொய் சொல்லத் தெரியாத அம்மா, கண்ணை இமைக்காமல் சொன்னார். நானா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்தேன். அவர் எல்லாவற்றையும் அதில் படித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

"ஓம் நானா" என்றேன் நானும். "படுத்திருக்கிறான்."

அவர் தாடியைக் கையால் துடைத்தார். பிறகு, நோயாளி உள்ள வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்தினார்.

"எழுப்ப வேண்டாம் அக்கா. படுக்கட்டும். நான் பிறகு வாறன்."

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, உடைந்த ஓடுகளுக்கு மேலால் சத்தம் வராமல் நடந்து போனார்.